பேரு வெட்ட 85 வருஷம்

ஏய், எப்படி இருக்கே? அத்தைக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு உன் மெசேஜ் பார்த்தப்புறம்தான் எனக்கு நிம்மதி, சொட்டு மருந்து மட்டும் நேரத்துக்கு விடு, நீ மறக்க மாட்டேன்னு தெரியும் இருந்தாலும் சொல்றேன். போஸ்டன் போனியே என்ன பார்த்தேன்னு கேட்டிருந்தே, ஃபோன்ல சொன்னா பாதியில பசங்க யாராவது கூப்பிடுவாங்க, அதான் உக்காந்து எழுதுறேன்.

மனசுல நின்னது ஒண்ணே ஒண்ணுதான்டி. போஸ்டன் காமன்னு பெரிய பார்க், அதோட ஓரத்துல, ஸ்டேட் ஹவுஸுக்கு நேர் எதிர்ல ஒரு வெண்கலச் சிற்பம். அமெரிக்க உள்நாட்டுப் போர்ல வடக்குப் பக்கம் சண்டை போட்ட 54-வது மாசசூசெட்ஸ் ரெஜிமென்ட், சிப்பாய்ங்க எல்லாம் கறுப்பினத்தவங்க, 1863 மே 28 அன்னிக்கு இந்தச் சிற்பம் இருக்கிற தெரு வழியாத்தான் போருக்குப் போனாங்க, அதைத்தான் சிற்பமா செஞ்சிருக்காங்க. நடுவுல குதிரை மேல அவங்க கர்னல் ராபர்ட் கூல்ட் ஷா, வெள்ளைக்காரர், 25 வயசுலயே செத்துட்டார். கண்ணு முதல்ல அந்தக் குதிரை மேலதான் போகுது. கிட்டப் போய் நின்னாதான் சிப்பாய்ங்க முகம் தெரியுது, ஒருத்தருக்கு அடர்ந்த தாடி, பக்கத்துல இருக்கிற பையனுக்கு மீசையே முளைக்கல, முதுகுல சுருட்டின போர்வை, இடுப்புல தண்ணிக் குப்பி, முன்னாடி டிரம் அடிச்சுக்கிட்டு ஒரு சின்னப் பையன், நம்ம எட்டாங்கிளாஸ் பசங்க மாதிரி இருக்கான்.

சிற்பி அகஸ்டஸ் செயின்ட் காடென்ஸ் 14 வருஷம் இதையே செஞ்சிருக்கார். முதல்ல ஷா மட்டும் குதிரையில இருக்கிற மாதிரிதான் நினைச்சாராம், ஷாவோட குடும்பம்தான் அவனோட ஆளுங்களும் இருக்கணும்னு சொல்லிட்டாங்க. ஷாவைத் தெற்குப் படை அவரோட சிப்பாய்ங்களோட ஒரே குழியில போட்டு மூடினாங்க, உடம்பை எடுக்கவே வேணாம், அங்கேயே இருக்கட்டும்னு ஷாவோட அப்பாவே சொல்லிட்டாருடி. அப்புறம் சிற்பி கறுப்பின ஆளுங்களைக் கூலி கொடுத்து உக்கார வெச்சு 40 தலை கிட்ட செஞ்சு பார்த்திருக்கார்.

ஆனா பேரு? 1897-ல திறந்தப்போ செத்துப்போன வெள்ளை ஆபீசர்ங்க பேரு கல்லுல இருந்துச்சு, சிப்பாய்ங்க பேரு ஒண்ணு கூட இல்ல. 1863 ஜூலையில தெற்குப் படையோட வாக்னர் கோட்டையைத் தாக்கினப்போ செத்த 60-க்கும் மேற்பட்ட சிப்பாய்ங்க பேரை 1982-லதான் பின்பக்கம் வெட்டியிருக்காங்க. நான் அந்தப் பின்பக்கம் போய் நின்னு ஒவ்வொண்ணா வாய்விட்டுப் படிச்சேன், முன்னாடி போட்டோ எடுக்கிற கூட்டத்துல பாதிப் பேரு பின்னாடி வரவே இல்ல, எனக்கு ஆத்தாமையா இருந்துச்சு.

இவங்க யாருன்னு நினைக்கிறே? வெள்ளை சிப்பாய்க்கு மாசம் 13 டாலர், இவங்களுக்கு 10, அதுலயும் துணிக்கு 3 புடிச்சுக்கிட்டு கையில 7. ஒருத்தரும் வாங்கல. மீதியை மாநிலமே தர்றேன்னு சொல்லியும் வாங்கல. வீட்ல பொண்டாட்டி பிள்ளை பட்டினி, இவங்க சம்பளமே இல்லாம சண்டை போட்டாங்க, சம சம்பளம்னு அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது 1864 ஜூன்ல. வாக்னர் கோட்டையில கொடியைக் கீழ விழாம காப்பாத்தின சிப்பாய் வில்லியம் கார்னிக்கு மெடல் ஆஃப் ஆனர், அமெரிக்காவோட பெரிய வீரப் பதக்கம், கைக்கு வந்தது 1900-ல, 37 வருஷம் கழிச்சு! சிலை திறந்த அன்னிக்கு அவர் அதே கொடியோட வந்து நின்னிருக்கார், மெடல் இல்லாம.

அதனாலதான் வாஷிங்டன்ல யு ஸ்ட்ரீட்ல இருக்கிற, அந்தப் போர்ல சண்டை போட்ட கறுப்பினப் படைகளுக்கான நினைவிடம் எனக்கு ஒரு படி மேல. எட் ஹாமில்டன் செஞ்ச சிலை, 1998-ல திறந்தது, ஒரு பக்கம் சிப்பாய்ங்களும் ஒரு மாலுமியும், மறுபக்கம் அவங்களை வழியனுப்புற குடும்பம். சுத்தி தாழ்வான சுவர், அதுல 2,09,145 பேரோட பேரு. குனிஞ்சு படிக்கணும். 1865-ல போர் முடிஞ்சு வாஷிங்டன்ல நடந்த பெரிய வெற்றி அணிவகுப்புல கறுப்பின ரெஜிமென்ட் எதையும் சேர்க்கல, அந்த ஊர்லயே இப்போ ஒவ்வொருத்தர் பேரும் நிக்குது. திறந்த நாளும் ஜூலை 18, வாக்னர் கோட்டையைத் தாக்கின அதே தேதி.

சிலை வைக்கிறவங்க முதல்ல பேரைத் தேடணும்டி, முகம் செய்றது அப்புறம்.

நீ வரும்போது கூட்டிட்டுப் போறேன், மெட்ரோவில இறங்கி மேல வந்தா எதிர்லயே இருக்கு. டிரம் பையன் போட்டோ ரெண்டு அனுப்புறேன், சின்னவன்கிட்ட காட்டு. அத்தையைக் கேட்டதா சொல்லு.