டெல்டா விவசாயிகளின் வாட்ஸ்அப் குழு நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

காவிரி டெல்டாவில் நெல் விவசாயிகளுக்கென்று வாட்ஸ்அப் குழு நடத்திவரும் நிர்வாகிகள் அனைவருக்கும் வணக்கம்.

நான்கு ஏக்கரில் நெல் பயிரிடும் நான், இத்தகைய குழுக்கள் மூன்றில் தொடக்கம் முதலே இருந்து வருகிறேன். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா, திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேர எத்தனை நாளாகும், குறுவைக்கு எந்த ரகம் தாங்கும், கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் போனால் என்ன செய்வது என்று உருப்படியாகப் பேசிய குழுக்கள் அவை. அந்தப் பேச்சு எப்படிக் கெட்டது என்பதை நான் கண்ணால் பார்த்த ஒரு சம்பவத்தைக் கொண்டே சொல்ல விரும்புகிறேன்.

சென்ற கார்த்திகையில் ஒரு நாள் மாலை, உறுப்பினர் ஒருவர் தம் சம்பா வயலின் படத்தைப் போட்டு, "நடுவில் வட்டமாகப் பழுக்கிறது, என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்டார். கால் மணி நேரத்துக்குள் ஒன்பது பதில்கள் வந்தன. ஏழு பேர் ஆளுக்கொரு மருந்தின் பெயரைச் சொல்லி, டேங்குக்கு எத்தனை மில்லி என்பது வரை எழுதியிருந்தார்கள். ஒருவர் சத்துக்குறைவு என்று முடிவுகட்டி யூரியா போடச் சொன்னார். ஒன்பதாவதாக வந்தது ஒரு சாமி படம். வயலில் இறங்கிக் குனிந்து தூரைப் பார்த்தீர்களா என்று அந்த ஒன்பது பேரில் ஒருவரும் கேட்கவில்லை. இப்படி வட்டமாகப் பழுப்பது புகையான் என்னும் பூச்சியின் அடையாளம். அது இலையில் இருப்பதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தூரைச் சுற்றிக் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும். மேலே பழுப்பு தெரியும்போது கீழே வேலை பாதி முடிந்திருக்கும். அவர் முதலில் வந்த பதிலை நம்பிப் பைரித்ராய்டு வகை மருந்தை அடித்தார். மறுநாள் யூரியாவும் போட்டார். அந்த வகை மருந்து புகையானைத் தின்னும் சிலந்திகளை அழித்துப் புகையானைப் பெருக்கிவிடும் என்பதும், யூரியாவால் தழைச்சத்து கூடினால் அது இன்னும் கொழுக்கும் என்பதும் வேளாண் அலுவலர்கள் ஆண்டுதோறும் சொல்லும் செய்திகள்தாம். மூன்றாவது வாரம் நான் அந்த வழியாகப் போனபோது வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, முக்கால் மா, அதாவது ஏறத்தாழ கால் ஏக்கர் அளவுக்குத் தீய்ந்து கிடந்தது.

இதே கேள்வி ஐந்து ஆண்டுகளுக்கு முன் வந்திருந்தால், அதே குழுவில் இருந்த பெரியவர் ஒருவர் முதலில் பதில் சொல்லியிருக்க மாட்டார், கேள்விதான் கேட்டிருப்பார். ரகம் என்ன, நட்டு எத்தனை நாள், தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, எட்டடிக்கு ஓரடி இடைவெளியாகப் பட்டம் விட்டிருக்கிறீர்களா, தூரைத் தட்டிப் பார்த்தால் தண்ணீரில் என்ன விழுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். தூருக்கு ஒரு பூச்சி என்றால் மருந்தை யோசிக்கலாம், குத்துக்கு, அதாவது சேர்த்து நட்ட ஒரு கொத்துக்கு, ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம் என்ற வேளாண் பல்கலைக்கழகக் கணக்கை அவர் சொல்லித்தான் நான் அறிந்தேன். பெரும்பாலான நாட்களில் அவர் சொல்லும் முதல் வைத்தியம், தண்ணீரை வடியுங்கள் என்பதுதான். அதில் யாருக்கும் விற்பனை இல்லை. நிதானமாக அவர் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் நாற்பது செய்திகள் மேலே ஏறிவிடுவதும், "பழைய காலத்துக் கதை" என்று ஓர் இளைஞர் சிரிப்புக் குறி போட்டதும் சேர்ந்து, ஐப்பசியில் அவர் குழுவை விட்டு விலகிப் போனார். விலகியதைக் கவனித்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குச் சந்தேகம்.

கூட்டம் பெருகியது ஒரு காரணம். ஒரு குழுவில் 256 பேர் என்றிருந்த வரம்பு 2022-இல் 1024 ஆனது. நீங்களும் ஆசையோடு நிரப்பினீர்கள், உரக்கடைக்காரர்களும் கட்சிக்காரர்களும் அதில் வந்து சேர்ந்தார்கள். பலமுறை பகிரப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020-இல் வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியும், நகலெடுத்து ஒட்டும் கைக்குக் கட்டுப்பாடு ஏது? ஆனால் இவற்றைவிடப் பெரிய குறையாக நான் காண்பது, கேட்டவர் யாரும் திரும்பி வந்து முடிவைச் சொல்வதில்லை என்பதே. மருந்து கேட்டவருக்குப் பலித்ததா இல்லையா என்பது தெரியாதபோது, சரியாகச் சொன்னவரும் தவறாகச் சொன்னவரும் அடுத்த போகத்திலும் ஒரே மதிப்போடு பேசுகிறார்கள்.

உங்களில் சிலர் இந்தத் தொல்லைக்குப் பயந்து, நிர்வாகி மட்டுமே எழுதலாம் என்று குழுவைப் பூட்டிவிட்டீர்கள். உறுப்பினர் எதையாவது போட்டால் வழக்கு நம் தலையில் விழும் என்ற அச்சமும் அதில் உண்டு என்று கேள்விப்பட்டேன். நிர்வாகியாக இருப்பதால் மட்டுமே பிறர் பதிவுக்கு ஒருவர் குற்றப்பொறுப்பு ஏற்க வேண்டியதில்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2021-இலும், கேரள உயர் நீதிமன்றம் 2022-இலும் சொல்லியிருக்கின்றன. பூட்டிய குழு அறிவிப்புப் பலகையாகத்தான் இருக்கும். பயிருக்கு நோய் வந்தவன் அங்கே யாரிடம் கேட்பான்?

ஆகவே நான் கோருவது இதுதான். விலை நிலவரம், வாழ்த்து, கட்சிச் செய்தி ஆகியவற்றுக்கு வேறு குழு வைத்துக்கொள்ளுங்கள். பயிர்க் கேள்வி கேட்பவர் ரகத்தையும் வயதையும் எழுதி, இலையோடு தூரின் படத்தையும் போடட்டும். போடாதவருக்கு யாரும் மருந்துப் பெயர் சொல்ல வேண்டாம். கடை வைத்திருப்பவர் பதில் சொல்லலாம், ஆனால் கடைக்காரர் என்று சொல்லிவிட்டுச் சொல்லட்டும். பதினைந்து நாள் கழித்துக் கேட்டவரிடம் முடிவை நீங்களே கேட்டு வாங்கிப் பதியுங்கள். பிறர் செய்தியை நீக்கும் வசதி 2022 முதல் உங்கள் கையில் இருக்கிறது; அதைக் கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள், முதலில் என் செய்தியிலிருந்து தொடங்கினாலும் எனக்கு வருத்தமில்லை.

அந்தப் பெரியவரின் எண் மாறவில்லை. காலை ஆறு மணிக்கு முன் கூப்பிட்டால் எடுப்பார். அதன் பிறகு வயலில் இருப்பார்.

இப்படிக்கு,
உங்கள் குழுக்களின் உறுப்பினன் ஒருவன்