படங்களுக்கு மூன்று இடம்

வட்டக்கச்சி,
கிளிநொச்சி.

அன்புள்ள மகளுக்கு,

சம்பளத்தில் மிச்சம் பிடித்து மடிக்கணினி வாங்கிவிட்டதாகவும், போனில் இடம் போதாமல் அதிலிருந்த படங்கள் முழுவதையும் கணினிக்கு மாற்றிவிட்டுப் போனிலிருந்து அழித்துவிட்டதாகவும் நேற்று நீ சொன்னபோது, எனக்கு மகிழ்ச்சியோடு கலக்கமும் சேர்ந்தே வந்தது. கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் பல ஆண்டுகள் கணினியோடு வேலை செய்தவள் என்பதால், போனில் சொல்லி முடிக்க இயலாததை இங்கே எழுதுகிறேன்.

2009 தை மாதம் போரின்போது நாங்கள் இந்த வளவை விட்டு விசுவமடுப் பக்கமாக வெளிக்கிட்டபோது, காணி உறுதியையும் உங்கள் பிறப்புச் சான்றிதழ்களையும் ஒரு பையில் போட்டு நான் தோளில் கொழுவிக்கொண்டேன். அல்பங்கள் இருந்த றங்குப்பெட்டியை, திரும்பி வந்து எடுக்கலாம் என்று பதுங்குகுழிக்குள் இறக்கி மண் போட்டு மூடினார் உன் அப்பா. இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து மீண்டு வந்து தோண்டியபோது, மாரித் தண்ணீர் நின்று ஊறி, படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்க் கிடந்தன. இன்று நம் வீட்டுச் சுவரில் தொங்கும் கலியாணப் படம், அப்போதே லண்டனில் இருந்த உன் பெரியப்பாவுக்குக் கடிதத்தோடு அனுப்பிய பிரதியிலிருந்து மறுபடி அடித்தது. அங்கே ஒன்று இருந்தபடியால்தான் இங்கே ஒன்று இருக்கிறது. உன் அப்பம்மாவின் படம் ஒன்றும் அப்படி வெளியே போயிருக்கவில்லை.

ஆகவே, கணினியில் மாற்றுவது வேறு, பிரதி எடுப்பது வேறு என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள். நீ செய்தது மாற்றுவது. போனில் இருந்த ஒன்று இப்போது மடிக்கணினியில் இருக்கும் ஒன்று ஆகிவிட்டது, அவ்வளவுதான். அந்தக் கணினி கீழே விழுந்தாலோ, பேருந்தில் தவறினாலோ, ஐப்பசி கார்த்திகையில் இடி மின்னலின்போது மின்னிணைப்பில் இருந்து பழுதானாலோ எல்லாம் போய்விடும். மூன்று பிரதிகள் இருக்க வேண்டும். அவை இரண்டு வகைச் சேமிப்புச் சாதனங்களிலாவது இருக்க வேண்டும். அவற்றில் ஒன்று நீ இருக்கும் வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். கணினித் துறையில் உள்ளவர்கள் நெடுநாளாகக் கைக்கொள்ளும் முறை இது.

இரண்டாவது பிரதிக்கு ஒரு வெளிவன்தட்டு, அதாவது கணினிக்கு வெளியே இணைக்கும் ஹார்ட் டிஸ்க், வாங்கு. பென் டிரைவ் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு நல்லது, ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பதற்கு நம்பத்தகாதது. பிரதி எடுத்து முடிந்ததும் வன்தட்டைக் கழற்றி வைத்துவிடு; கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீநிரல் கணினிக்குள் வந்தால், அப்போது இணைப்பில் இருக்கும் வன்தட்டையும் சேர்த்தே பூட்டிவிடும். எடுத்த பிரதியிலிருந்து நாலைந்து படங்களைத் திறந்து பார்க்கவும் மறக்காதே, ஏனெனில் கோப்பின் பெயர் தெரிவதால் மட்டும் படம் உள்ளே பழுதில்லாமல் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

மூன்றாவது பிரதியை இணையத்தில் வைக்கலாம். கூகுள் கணக்கு ஒன்றுக்கு இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. அதை மின்னஞ்சலும் படங்களும் கோப்புகளும் பங்கிட்டுக்கொள்வதால், நிரம்பிவிட்டால் உனக்கு வரும் மின்னஞ்சலும் நின்றுவிடும். போனும் இணையமும் ஒத்திசைந்து இயங்கும்போது ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழியும்; கூகுள் போட்டோஸில் அப்படி அழித்தது 60 நாட்கள் குப்பைத்தொட்டியில் இருந்துவிட்டு மறைந்துவிடும். இரண்டு ஆண்டுகள் தொடப்படாத கணக்கையே கூகுள் நீக்கக்கூடும் என்பதால், நீ பயன்படுத்தாத பழைய கணக்கில் எதையும் வைத்துவிட்டு மறந்துவிடாதே. வட்ஸ்அப்பில் அனுப்பிவைத்த படத்தைப் பிரதியாக எண்ணாதே. சாதாரணமாக அனுப்பும்போது அது படத்தைச் சுருக்கிவிடுகிறது, ஆவணமாக அனுப்பினால்தான் முழுத் தரத்தில் போகும்.

கணக்கின் திறப்பையும் நீ காக்க வேண்டும். கடவுச்சொல்லுக்கு மேலே இன்னொரு சோதனையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு, கூகுள் தரும் பத்துக் காப்பு எண்களையும் தாளில் எழுதி வை; போன் தொலைந்தால் உள்ளே போக அவை உதவும். போனுக்கு வரும் ஒருமுறை எண்ணை (ஓடிபி), வங்கியிலிருந்து கதைப்பதாகச் சொன்னாலும், ஒருவருக்கும் சொல்லாதே.

உன் அப்பா பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சுச் செய்த குடும்ப வரலாறு அந்தப் பழைய இறுவட்டில் (சிடியில்) இருக்கிறதல்லவா? அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகவே தெரியும். அதை, இப்போதைய கணினிகளில் தனி எழுத்துரு இல்லாமலே தமிழாகத் தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றி, பிடிஎஃப் ஆகவும் ஒன்று சேமித்து, படங்களோடு சேர்த்துவிடு. இது அவருக்காக நான் உன்னிடம் கேட்பது.

உன் அண்ணா அடுத்த சனிக்கிழமை கொழும்பிலிருந்து இங்கே வரும்போது, இன்னொரு வன்தட்டில் எல்லாவற்றையும் போட்டு அவனிடம் கொடுத்துவிடு. இணையத்தில் இருந்தாலும் இங்கேயும் ஒன்று இருக்கட்டும். காணி உறுதி இருக்கும் அலுமாரித் தட்டில் அதற்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா