செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும்தான்.

குடியரசு தினம், சுதந்திர தினம், நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நவம்பர் 1 விழா எல்லாம் வழக்கம்போல் நடந்தன.

இனி ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நம் பக்கத்து பஸ் ஸ்டாப்களைக் குறிக்கும் விஷயம். இது செயலாளரின் சொந்தப் பைத்தியம் என்று சிலர் பேசியது என் காதுக்கும் வந்தது. சரி, ஆனால் போன பொதுக்குழுவில் கை தூக்கியது நீங்கள்தானே! ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய இணைய வரைபடம். யாரும் திருத்தலாம், யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். அதில் நம் ஊர் ரோடு இருந்தது, பஸ் எங்கே நிற்கும் என்பது இல்லை.

தக்கலையிலிருந்து திங்கள்சந்தை, குலசேகரம் வழிகளில் பாதி முடித்திருக்கிறோம். 'முடித்திருக்கிறோம்' என்பது மரியாதைக்கு. ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கூடலாம் என்றதும் வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டியவர்கள் பலர். பஸ் ஸ்டாண்டுக்கு வந்தது நானும் பொருளாளரின் மகளும்.

ரோட்டின் இரு பக்கத்துக்கும் தனித்தனிப் புள்ளி வேண்டும். ஒருவர் நட்டநடு ரோட்டில் ஒரே புள்ளி வைத்தார், அங்கே நின்று யார் பஸ்ஸுக்குக் கை காட்டுவது? ஓரிடத்தில் நிழற்குடை இருந்தும் வண்டி தள்ளிப்போய் டீக்கடை முன்தான் நிற்கிறது. மழையில் ஒரு அம்மா சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடியதைப் பார்த்த பிறகு, ஸ்டாப்பை டீக்கடை முன்னும் நிழற்குடையைத் தனியாகவும் குறித்தேன். பலகையில் 'ஜங்ஷன்', கண்டக்டர் வாயில் 'முக்கு' என்றால் இரண்டையும் ஏற்றினோம்.

இன்னொரு நண்பர் கூகுள் மேப்பைப் பார்த்து ஒரே ராத்திரியில் வரிசையாக ஏற்றிவிட்டார். அப்படி எடுக்க உரிமம் இடம் கொடுக்காது என்று முதல் கூட்டத்திலேயே சொல்லியிருந்தேன். அத்தனையையும் நீக்கிவிட்டு நேரில் போய்த் திரும்பக் குறிக்க இரண்டு ஞாயிறு போனது. அவர் சந்தாவும் பாக்கி.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி, விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். என் பெட்ரோல் காசு அதில் ஏறவில்லை. சந்தா கட்டியவர்களுக்கும், கூட்டத்துக்கு இடம் தந்தவர்களுக்கும், சலிக்காமல் பதில் சொன்ன டிரைவர், கண்டக்டர்களுக்கும் நன்றி.

குளச்சல் பக்கம் இன்னும் தொடவில்லை. வேறு செயலாளரைத் தேர்ந்தெடுத்தால் சந்தோஷமாக விலகிக்கொள்வேன். நானே தொடரட்டும் என்றால், வரும் ஞாயிறு ஏழு மணிக்கு இரண்டு பேராவது பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். சந்தா பாக்கியை அங்கேயே கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்கிறேன், ரசீது புத்தகம் பையில்தான் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்