நீ மேடையில் அழவில்லை

அன்புள்ள மகளுக்கு,

நேற்று நீ கூப்பிட்டுப் பேசி முடித்ததும் உன் அம்மா, "நன்றாகத்தான் இருக்கிறாள், எப்படிச் சிரிக்க வைத்தாள் பார்" என்றாள். நானும் ஆமாம் என்றேன். நேரத்துக்குத் தூங்கு.

மேலதிகாரியைப் போல நீ பேசிக் காட்டியதில் எனக்கு வயிறே வலித்துவிட்டது. அந்தத் திறமை நம் வீட்டில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. ஆனால் மூன்று வாரமாக அதே கதைதான். ஒவ்வொரு முறையும் அவருடைய குரல் மட்டும் கொஞ்சம் தடிக்கிறது. அவரைத் தவிர அங்கே உனக்கு வேறு மனிதர்களே இல்லையா? சும்மா கேட்டேன், விடு.

டூஷென் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862-இல் எழுதினாராம்: வாயோரத் தசையை நினைத்தபடி இழுக்கலாம், கண்ணைச் சுற்றிய தசையோ உண்மையான மகிழ்ச்சிக்குத்தான் அசையும். ஓய்வு பெற்றவனுக்கு இதையெல்லாம் படிக்க நேரம் கிடைக்கிறது. நேற்றுத் திரையில் உன் கண் சரியாகத் தெரியவில்லை. அடுத்த முறை வெளிச்சத்தில் உட்கார்ந்து பேசு.

பொய்யே கூடாது என்று சொல்ல வரவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னால் யார் சிரிப்பார்கள்? இரண்டு பேர் நின்ற வரிசையில் இருபது பேரை நிறுத்தினால்தான் கதை நடக்கும். கேட்பவருக்கும் அது தெரியும் என்பதால் அதில் ஏமாற்று இல்லை. பரிசைப் பிரித்ததும் "இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்" என்கிறோமே, அதுவும் அப்படித்தான். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்க்கும் வாய்மையின் இடத்தைக் கொடுத்தார் வள்ளுவர். விளையாட்டுக்கு இகழ்ந்தாலும் அது துன்பமே என்றும் அவர்தான் சொன்னார். அந்தக் குறள் மட்டும் எனக்கு வசதியாக மறந்துபோயிற்று.

உன் ஆண்டு விழாக் கதை. பாட்டை மறந்து, மேடையிலேயே ஓவென்று அழுது, ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டு நீ ஓடினாய் என்று எத்தனை கூட்டத்தில் சொல்லியிருப்பேன்!

நான் அங்கே இல்லையே அம்மா. உன் அம்மாவுக்கு அன்று காய்ச்சல், என்னைத்தான் அனுப்பினாள். நண்பர்களோடு உட்கார்ந்துவிட்டேன். நான் வந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நீ படியில் உட்கார்ந்திருந்தாய். "ஒரு வரி மறந்துவிட்டது அப்பா, பிறகு ஞாபகம் வந்துவிட்டது" என்றாய். அவ்வளவுதான் நடந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பார்த்ததுபோல் சொல்ல வேண்டியிருந்தது. மற்றதெல்லாம் அன்று நான் கட்டியது. அவள் சிரித்தாள், கதை நிலைத்துவிட்டது.

ஒரு முறை யாரோ, "அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டார். நான் திணறுவதற்குள் நீ முந்திக்கொண்டாய்: "அப்பா முதல் வரிசையில் இருந்தார்." உனக்கு அப்போது பதினொரு வயது. எல்லோரும் சிரித்தார்கள், நீயும்தான்.

நேற்று நீ சிரித்ததும் அதே சிரிப்பு.

அம்மா ஒன்பதரைக்கெல்லாம் படுத்துவிடுகிறாள். அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு, நான் விழித்திருப்பேன். என்னைச் சிரிக்க வைக்க வேண்டாம்.

அப்பா