பதறுற பிள்ளையளுக்கு ஆர் இருக்கினம்?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு வணக்கம்,

பள்ளிக்கூட வலைப்பந்து ஃபைனல் செய்தியில "கடைசி நேரப் பதற்றத்தால் வெற்றி கைநழுவியது" எண்டு போட்டிருந்தியள். அந்தப் பதறின பிள்ளை என்ர தங்கச்சின்ர மகள், கோல் ஷூட்டர். நான் லைனுக்குப் பக்கத்திலதான் நிண்டனான். பாஸ் வர முதல் ரெண்டு தரம் பாவாடையில கையைத் துடைச்சவள், பந்து வந்தா 3 செக்கனுக்குள்ள எறிய வேணும், எறிஞ்சாள், வளையத்தைச் சுத்தி உருண்டு வெளியில விழுந்திட்டுது. வீட்டு முத்தத்தில விளையாட்டாப் போடுற தூரம் அது. "உனக்கு நெஞ்சில துணிவில்லை" எண்டு கோச் எல்லாருக்கும் முன்னால கத்தினார். வாகனத்தில வரேக்க வாங்கிக் குடுத்த பணிசைக்கூட அவள் தொடேல்லை.

துணிவில்லாததால இல்லை ஆசிரியர். 1898லயே அமெரிக்காவில நோர்மன் டிரிப்லெட் எண்டவர் 40 பிள்ளையளிட்ட மீன் தூண்டில் உருளையைக் குடுத்து தனியாவும் போட்டிக்கும் சுத்த விட்டுப் பாத்தவர், போட்டி எண்ட உடன 20 பேர் வேகமாச் சுத்திச்சினம், 10 பேருக்குப் பெரிய வித்தியாசம் இல்லை, மிச்சம் 10 பேர் பதட்டத்தில முந்தியை விடக் குழம்பிப் போச்சினம். எங்கட பிள்ளை அந்தப் பத்தில ஒண்டு, அவ்வளவுதான்.

விளையாடுற ஆக்களின்ர மனசைப் பாக்கிற இந்த விளையாட்டு உளவியலைத் தொழிலாக் கொண்டுவரப் பாடுபட்டவர் கோல்மன் கிரிஃபித். 1925ல இலினோய் கம்பஸில விளையாட்டு வீரர்களுக்கெண்டு ஆய்வுகூடம் தொடங்கினார், கோச்மாருக்குப் புத்தகம் எழுதினார், 1932ல காசில்லையெண்டு கூடத்தை மூடிப்போட்டாங்கள். 1938ல சிகாகோ கப்ஸ் பேஸ்போல் ரீமுக்கு ஓனரே கூட்டிக்கொண்டு போனார், மனேஜர் சார்லி கிரிம் அவரைக் கிட்ட அண்ட விடேல்லை. எனக்கு உறைச்சது என்னண்டா, அவருக்குப் பிறகு அந்த வேலையைத் தூக்கிப் பிடிக்க ஒரு மாணவரும் இருக்கேல்லை, ஆள் போகத் துறையும் படுத்திட்டுது. பிறகு 1965ல ரோமில உலக மட்டத்தில சங்கம் கூடி, இத்தாலிக்காரர் அந்தோனெல்லி தலைவரா வந்தாப் பிறகுதான் நிமிர்ந்தது. 1969ல ஐரோப்பியச் சங்கத்துக்கு முதல் தலைவரா வந்தது ஒரு பெண், பல்கேரியாக்காரி எமா கெரோன். 2024ல சென்னைப் பெடியன் குகேஷ் உலக செஸ் சாம்பியனா வரேக்கயும் பாடி அப்டன் எண்ட மனப் பயிற்சியாளர் கூட நிண்டவர்.

1958ல ரோக்கியோ ஆசிய விளையாட்டில உயரம் பாய்ஞ்சு இலங்கைக்கு முதல் தங்கம் கொண்டு வந்த எதிர்வீரசிங்கம் எங்கட மண், வலைப்பந்து தர்ஜினி எங்கட மண், இண்டைக்கும் யாழ்ப்பாணம் துரையப்பா ஸ்ரேடியத்தில ஓடுற பிள்ளை பதறினா ஆரிட்ட போறது? வருசத்துக்கு ஒருக்கா ஆரையாவது கூப்பிட்டு ஒரு நாள் வேக்ஷொப் வைக்கிறதால கிரிஃபித்துக்கு நடந்ததுதான் நடக்கும், அவர் போனா எல்லாம் போச்சு. பள்ளிக்கூடங்களில ஏற்கனவே வழிகாட்டல் ஆலோசனை ரீச்சர்மார் இருக்கினம், ஒரு வலயத்துக்கு ரெண்டு பேரையாவது இதுக்கெண்டு ஒழுங்காப் படிப்பிச்சு எடுங்கோ, அவை அடுத்த ரெண்டு பேரைப் பழக்கட்டும். கல்வித் திணைக்களம் இதை வாசிக்கும் எண்டு நம்பித்தான் எழுதுறன்.

உங்களிட்டயும் ஒண்டு கேக்கிறன். 15 வயசுப் பிள்ளையள் தோத்த செய்தியில இனிப் பதற்றம் எண்டு போடாதேங்கோ, புள்ளி எத்தினை எண்டு போட்டாக் காணும். அவள் அந்தப் பக்கத்தை வெட்டிக் கொப்பிக்குள்ள வைச்சிருக்கிறாள்.

இப்படிக்கு,
கொக்குவிலில இருந்து ஒரு வாசகன்