மாசிப்பத்திரி மட்டும் போதவில்லை

ஆசிரியருக்கு,

சீனப் பாரம்பரிய மருத்துவம் என்றதுமே, அதிலிருந்து மலேரியா மருந்தைக் கண்டுபிடித்த சீன விஞ்ஞானி தூ யூயூவையும் அவர் பெற்ற 2015 நோபல் பரிசையும் சொல்லிவிட்டு எல்லோரும் நிறுத்திக்கொள்கிறார்கள். 4-ஆம் நூற்றாண்டு மருத்துவர் கே ஹோங், காய்ச்சலுக்கு ஒரு மாசிப்பத்திரி வகையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொன்னார். கொதிக்க வைக்கச் சொல்லவில்லையே, சூடு மருந்தைக் கெடுத்துவிடுமோ என்று தூ யூயூ யோசித்தார். 1971-இல் குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதர் என்ற கரைப்பானைக் கொண்டு சாரத்தைப் பிரித்தார். சரி, அதோடு மலேரியா போய்விட்டதா?

இல்லை. அந்தச் சாரத்தில் இருந்த மருந்துப் பொருளான ஆர்ட்டெமிசினின் தண்ணீரிலும் சரியாகக் கரையாது, எண்ணெயிலும் கரையாது. உடம்பில் சில மணி நேரமே தங்கும். சீன வேதியியலாளர்கள் மூலக்கூற்றை மாற்றி, எண்ணெயில் கரையும் ஆர்ட்டெமீதரையும் ரத்த நாளத்தில் ஏற்றக்கூடிய ஆர்ட்டெசுனேட்டையும் உருவாக்கினார்கள். இந்தியா உட்பட நான்கு ஆசிய நாடுகளில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், கடும் மலேரியாவில் பழைய மருந்தான குயினைனைவிட ஆர்ட்டெசுனேட் ஊசி இறப்புகளை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தது. மருத்துவமனை தொலைவில் இருக்கும் ஊர்களில் குழந்தைகளுக்கு ஆசனவாய் வழியாகக் கொடுக்கும் வடிவம்கூட உண்டு. அப்புறம், ஆர்ட்டெமீதரோடு ஒரே மாத்திரையில் சேர்த்துத் தரும் லூமெபான்ட்ரின் என்ற இன்னொரு மலேரியா மருந்து உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். அதனால்தான் அந்த மாத்திரையைப் பாலுடனோ சாப்பாட்டுடனோ விழுங்கச் சொல்கிறார்கள். வெறும் வயிற்றில் போட்டால் போதிய மருந்து ரத்தத்தில் ஏறாது.

மூலிகையின் பெருமையை எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அதை நோயாளியின் ரத்தத்துக்குக் கொண்டுசேர்த்த இந்த வேலையைப் பற்றியும் உங்கள் அறிவியல் பக்கத்தில் ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

ஒரு வாசகர், திருநெல்வேலி