சிப்புக்குள் ஒளிக்கப்படும் சுற்றுகள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

தோட்டக் கிணற்றின் சூரியமின் பம்பி முதல் வங்கி அட்டை வரை சிப்புகளாலேயே இயங்கும் இக்காலத்தில், வடிவமைப்பின்போதோ உற்பத்தியின்போதோ தீய நோக்குடன் அவற்றினுள் நுழைக்கப்படக்கூடிய சுற்றுகளைப் பற்றி வன்னியில் பேச்சே இல்லை. அலைபேசி திருத்தும் கடையில் மல்டிமீற்றரின் முனையை வைத்தால் பழுது பிடிபடும், இது பிடிபடாது. ஏனெனில் அந்தச் சிப் செவ்வனே வேலை செய்துகொண்டிருந்து, பெரும்பாலும் அரிதான ஒரு சமிக்ஞைத் தொடர் வரும்போது மட்டுமே தன் கைவரிசையைக் காட்டும்.

2007இல் ஐபிஎம் கணினி நிறுவனத்தினரும் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் முன்வைத்த முறையில், ஒன்றாக உற்பத்தியான ஒரு தொகுதியின் சில சிப்புகளின் மின்நுகர்வுப் பாங்கை முதலில் கைரேகைபோலப் பதிந்து, பின் அவற்றை அடுக்கடுக்காகப் பிரித்துச் சோதித்து, அவை தூயவை என உறுதியானால், ஏனையவற்றை அப்பதிவோடு ஒப்பிடுவர். ஆயினும் மிகச் சிறிய மாற்றம் உற்பத்தியின் இயல்பான ஏற்றத்தாழ்வுக்குள் மறைந்துவிடும். மின்கடத்தலை மாற்றவென வேண்டுமென்றே சிலிக்கனில் கலக்கும் மாசின் வகையை மட்டும் மாற்றி ஒளியியல் சோதனைக்கும் தப்பலாம் என்பது 2013இல் காட்டப்பட்டது; இதுவே என்னை அதிகம் கவலைகொள்ள வைப்பது.

அறிவியல்நகரில் பொறியியல் பீடமும் வவுனியாவில் பல்கலைக்கழகமும் இருக்கையில், இறுதியாண்டு ஆய்வுகளில் இதனையும் சேர்க்கலாம். எஃப்பிஜிஏ (உள்சுற்றை நாமே மாற்றியமைக்கக்கூடிய சிப்) பலகை ஒன்றில் மாணவர் ஒருவர் மறைக்கும் சுற்றை இன்னொருவர், மின் அலைவுகளைத் திரையில் காட்டும் அலைவுகாட்டியால் தேடுவதிலிருந்து தொடங்கலாம்.

வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி.